கடைவீதியில் நடப்பவர்களுக்காக எதை முதலில் செய்ய வேண்டும்?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. நகரின் நடுவில், நாள் முழுவதும் வண்டிகளும் ஆட்களும் நெருக்கியடிக்கும் ஒரு கடைவீதி. அது நடப்பவர்களுக்குப் பாதுகாப்பான இடமாகவும், வந்து நிற்கவும் உட்காரவும் தோன்றும் இடமாகவும் மாற வேண்டும். நடைபாதையை அகலப்படுத்துவதா, வண்டிகளை மொத்தமாக நிறுத்திவிடுவதா, நடை மேம்பாலம் கட்டுவதா, ஓரத்தில் தடுப்புக் கம்பி போடுவதா? கேட்டவர் இதை ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறார். ஆனால் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடிபடாமல் இருப்பது ஒன்று. அங்கே இருக்கப் பிடிப்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் தீர்மானமாகிறது. இரண்டாவது நீளவாக்கில், நடைபாதையில் தீர்மானமாகிறது. பல இடங்களில் பணம் முழுக்க இரண்டாவதற்கே போய்விடும். கிரானைட் கல், அலங்கார விளக்கு, தொட்டிச் செடி என்று திறப்பு விழாப் படம் அழகாக வரும். அடிபடுகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கும். சாலை வடிவமைப்பிலும் சிக்னல் நேரம் அமைப்பதிலும் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் என் வரிசை இது: முதலில் வேகம், அப்புறம் குறுக்கே கடப்பது, அதன் பிறகுதான் நடைபாதை, நிழல், இருக்கை எல்லாம்.

வேகத்தை ஏன் முதலில் வைக்கிறேன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க 1 வினாடி ஆகிறது, சாலை காய்ந்திருக்கிறது, பிரேக் நல்ல நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த 1 வினாடியில் சுமார் 8 மீட்டர் ஓடும். பிரேக் பிடித்த பிறகு இன்னும் 5 மீட்டர். ஆக 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த முதல் வினாடியிலேயே ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடுகிறது. அதாவது முதல் கார் நின்றே போன இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் பிரேக் இன்னும் வேலை செய்யவே தொடங்கியிருக்காது. பதின்மூன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை சாலையில் இறங்கினால் ஒரு வண்டி மோதாது, இன்னொன்று முழு வேகத்தில் மோதும். நடுவே இருக்கும் வித்தியாசம் வெறும் 20 கி.மீ.தான். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகம் × வேகம்) ஏற்பக் கூடுவதால், 50-இல் வரும் அடி 30-இல் வருவதைப்போல் 2.7 மடங்குக்கும் மேல். ஒரு சாலையில் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரைப் பறிக்கும் விபத்துக்கான ஆபத்து சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. '50 கி.மீ. வேகத்தில் அடிபட்டால் 80 சதவீதம் பேர் இறந்துவிடுவார்கள்' என்கிற மாதிரி வரைபடங்களை நிறைய இடங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல பழைய தரவுகளிலிருந்து வந்தவை. அந்தத் தரவுகளில் கடுமையான விபத்துகள் அளவுக்கு மீறி இடம்பெற்றிருந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் அதைச் சரிசெய்தபோது சதவீதம் கணிசமாகக் குறைந்தது. ஆகவே எண்ணை வைத்து வாதாடாதீர்கள், யாராவது எளிதாக மடக்கிவிடுவார்கள். வளைவின் வடிவத்தில்தான் யாருக்கும் சந்தேகமில்லை. 30-ஐத் தாண்டியதும் அது செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது, முதியவர்களுக்கு இன்னும் சீக்கிரமாக.

'30 கி.மீ.' என்று பலகை நட்டால் வேகம் குறையுமா? கொஞ்சம் குறையும், ரொம்பக் குறையாது. ஓட்டுநர் பலகையைப் பார்த்து ஓட்டுவதில்லை, சாலையைப் பார்த்து ஓட்டுகிறார். அகலமாக, நேராக, தடையில்லாமல் சாலை தெரிந்தால் கால் தானாக அழுத்தும். அதனால் வேலை சாலையின் வடிவத்தில் நடக்க வேண்டும். ஊருக்குள் ஒரு லேனுக்கு 3 மீட்டர் போதும். பேருந்து ஓடும் லேனுக்கு 3.3 மீட்டர் வரை கொடுக்கலாம். நெடுஞ்சாலை அளவில் 3.5, 3.75 என்று போட்டுவைத்திருந்தால், அந்த மிச்சத்தைக் கூட்டியே இருபுறமும் நடைபாதைக்கு இடம் எடுக்க முடியும். யாருடைய கடையையும் இடிக்க வேண்டியதில்லை. அடுத்தது முனைகள். பக்கத் தெருவுக்குள் திரும்பும் முனை பெரிய வளைவாக இருந்தால் வண்டி வேகம் குறைக்காமல் திரும்பும், அதே முனையில்தான் ஆட்கள் கடக்க நிற்பார்கள். அந்த வளைவை இறுக்கிச் சிறியதாக்குவது செலவு குறைந்த, பலன் அதிகமான வேலைகளில் ஒன்று. தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும் என்று உடனே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். முனையில் உயரமாகக் கட்டாமல், பெரிய வண்டி மட்டும் ஏறிப்போகக்கூடிய சற்றே மேடான கரடுமுரடான தளமாக விட்டால் கார்கள் ஏறத் தயங்கும், லாரி ஏறிப் போய்விடும்.

இனி குறுக்கே கடப்பது. இதில் மக்கள் நம்பும் ஒரு விஷயத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. அகலமான சாலையில் வெறும் ஜீப்ரா கோடு போட்டால் பாதுகாப்பு வந்துவிடாது. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைக்காக நடந்த ஒரு பெரிய ஆய்வு, கோடு போட்ட 1000 இடங்களையும் போடாத 1000 இடங்களையும் ஒப்பிட்டது. சிக்னல் இல்லாத, பல லேன்கள் கொண்ட, நாளொன்றுக்கு 12,000-க்கு மேல் வண்டிகள் ஓடும் சாலைகளில், வேறு எந்த ஏற்பாடும் செய்யாமல் கோடு மட்டும் போட்ட இடங்களில் நடப்பவர்கள் அடிபடும் விகிதம் அதிகமாகவே இருந்தது. இரண்டு லேன் சாலைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. பல லேன் சாலையில் நடப்பது இதுதான்: ஓரத்து லேனில் வரும் கார் மரியாதையாக நின்றுவிடுகிறது. கடப்பவர் அதை நம்பி இறங்குகிறார். நின்ற காருக்கு மறைவில், அடுத்த லேனில் இன்னொரு வண்டி வேகமாக வருகிறது. அதன் ஓட்டுநருக்கு ஆளும் தெரியாது, முன்னே நிற்கும் கார் எதற்காக நிற்கிறது என்பதும் தெரியாது. இதற்காகக் கோட்டை அழிக்கச் சொல்லவில்லை. கோட்டோடு இன்னொன்றும் வேண்டும். சாலையின் நடுவே 2 மீட்டர் அகலத்துக்கு நின்றுகொள்ளும் திட்டு வைத்தால், ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் கவனித்தால் போதும். 2 மீட்டர் என்பது தள்ளுவண்டியில் குழந்தையோடு நிற்பவருக்கும் சக்கர நாற்காலிக்கும் தேவையான அளவு. அரை மீட்டர் மீடியனில் ஆட்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதைத் திட்டு என்று சொல்லக்கூடாது.

இன்னொரு வழி, கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது. அதாவது ஸ்பீடு பிரேக்கரும் ஜீப்ராவும் சேர்ந்த ஒரு தட்டையான மேடை. நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். யார் வீட்டுக்குள் யார் வருகிறார் என்பதை இந்த ஒரு மாற்றம் ஓட்டுநருக்குச் சொல்லிவிடும். நடப்பவர்கள் அடிபடுவது இதனால் சுமார் 45 சதவீதம் குறைவதாக அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை குறிப்பிடுகிறது. எல்லா ஊரிலும் அதே எண் வரும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். ஆனால் பலன் எந்தத் திசையில் இருக்கும் என்பதில் தயக்கம் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: மழைநீர் வழியும் பாதையை இந்த மேடை அடைத்துவிடும். வடிகாலை யோசிக்காமல் கட்டினால் முதல் மழையில் கடக்கும் இடமே குளமாகி, மறுவாரமே யாராவது அதை உடைத்துவிடுவார்கள்.

கடக்கும் தூரத்தைக் குறைப்பது பலர் கவனிக்காமல் விடுவது. நான்கு லேன் சாலை 14 மீட்டர் அகலம் என்று வையுங்கள். சிக்னல் கணக்குகளில் நடப்பவரின் வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் 12 வினாடி. ஆனால் முதியவர்களில் நிறையப் பேர் அந்த வேகத்தை எட்டுவதில்லை, 0.8 மீட்டர் என்று கணக்கிட்டால் பதினேழரை வினாடி ஆகிறது. நடுச்சாலையில் பச்சை முடிந்து மாட்டிக்கொள்பவர்கள் இவர்கள்தான். கடக்கும் இடத்தில் மட்டும் நடைபாதையை இருபுறமும் 2 மீட்டர் சாலைக்குள் நீட்டினால் தூரம் 10 மீட்டராகிறது. மெதுவாக நடப்பவருக்கு ஏறக்குறைய 5 வினாடி மிச்சம். அந்த 5 வினாடி வண்டிகளுக்கும் மிச்சம்தான், இதைச் சொல்லிப் புரியவைத்தால் போக்குவரத்துப் போலீசாரின் எதிர்ப்பு பாதி அடங்கிவிடும். இப்படி நீட்டும் இடத்தில் எப்படியும் வண்டி நிறுத்த முடியாது என்பது கூடுதல் லாபம். கடக்கும் இடத்துக்கும் தெரு முனைக்கும் முன்னால் சில மீட்டர் பார்க்கிங் இல்லாமல் இருந்தாலே, நடப்பவரும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்த்துவிடுவார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஹோபோக்கன் என்ற சிறிய, நெருக்கமான ஊர் முனைகளை இப்படித் திறந்துவிடுவதில் பல ஆண்டுகளாகப் பிடிவாதமாக இருந்தது. 2017 ஜனவரிக்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த ஊரின் தெருக்களில் விபத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. முனை திறந்ததால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல முடியாது, அங்கே வேக வரம்பும் குறைக்கப்பட்டது, சிக்னலும் மாறியது. ஆனாலும் செலவைப் பார்த்தால் முதல் நாளே செய்யக்கூடியது இதுதான்.

சிக்னலில் மனிதர்களின் பொறுமைக்கு எல்லை இருக்கிறது. 30 வினாடிக்கு மேல் நிற்க வைத்தால் ஆட்கள் இடைவெளி பார்த்துப் பாயத் தொடங்குவார்கள் என்பது போக்குவரத்துப் பொறியாளர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் கடைவீதிச் சிக்னல்களை இரண்டு நிமிடம், மூன்று நிமிடச் சுற்றாக (ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரை) வைத்துவிட்டு, 'நம் மக்களுக்கு ஒழுங்கு இல்லை' என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு எரிச்சல் தரும் வாக்கியம் இது. ஒழுங்கு மீறாமல் இருக்க முடியாதபடி ஒன்றை அமைத்துவிட்டு மீறுகிறவரைத் திட்டுவது என்ன நியாயம்? சுற்றை 60 முதல் 90 வினாடிக்குள் வைக்கப் பாருங்கள். அடுத்து, நடப்பவர்களுக்கான பச்சையை வண்டிகளின் பச்சைக்கு 3 முதல் 7 வினாடி முன்னதாகக் கொடுங்கள். திரும்பும் வண்டி நகரத் தொடங்கும்போது ஆட்கள் ஏற்கெனவே நடுவில், கண்ணுக்கு நேரே இருப்பார்கள். கல் பதிக்க வேண்டாம், தோண்ட வேண்டாம், கட்டுப்பாட்டுப் பெட்டியில் எண்ணை மாற்றினால் போதும். இதன் பலனைப் பற்றி வெவ்வேறு எண்கள் உலவுகின்றன. ஒரு சிறிய ஊரில் செய்த ஆய்வு ஏறக்குறைய 60 சதவீதக் குறைவைக் காட்டியது. பிறகு பல பெரிய நகரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது 13 சதவீதம்தான் வந்தது. நான் இரண்டாவதைத்தான் நம்புவேன். அதிகமாக அடிபடும் சந்திப்புகளாகப் பொறுக்கி எடுத்து எதைச் செய்தாலும், அடுத்த ஆண்டு எண்ணிக்கை தானாகவே கொஞ்சம் இறங்கும். சின்ன ஆய்வுகள் அந்த இறக்கத்தையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, குறுக்கும் மூலைவிட்டமுமாக ஆட்களைக் கடக்க விடும் முறையும் இருக்கிறது. டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பு இதற்குப் பேர்போனது. பெருங்கூட்டம் கடக்கும் இடத்தில் பிரமாதமாக வேலை செய்யும். கூட்டம் குறைவான இடத்தில் காத்திருப்பை நீட்டி, மறுபடியும் ஆட்களைப் பாய வைக்கும்.

நடை மேம்பாலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடைவீதியில் வேண்டாம். 1965-இலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பாலம் வழியாகப் போக ஆகும் நேரமும் நேராகக் கடக்க ஆகும் நேரமும் சமமாக இருந்தால் 95 சதவீதம் பேர் பாலத்தில் ஏறினார்கள். பாலம் வழியில் ஒன்றரை மடங்கு நேரம் ஆனால் ஏறக்குறைய ஒருவரும் ஏறவில்லை. ஒரு மாடி உயரம் ஏறி இறங்கும் படிகள் எந்தக் கடைவீதியிலும் அந்த ஒன்றரை மடங்கைச் சுலபமாகத் தாண்டிவிடும். முழங்கால் வலிக்காரருக்கும் சக்கர நாற்காலிக்கும் படி என்பது மூடிய கதவு. மின்தூக்கி வைப்போம் என்பார்கள். அது பழுதானால் யார் சரிசெய்வது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விரைவுச் சாலை, ரயில் பாதை போன்ற இடங்களில் பாலம் தவிர்க்க முடியாதது, அது வேறு. தடுப்புக் கம்பியும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆட்களைக் கம்பிக்குள் அடைத்தால் ஓட்டுநருக்கு 'இது என் சாலை' என்ற எண்ணம் உறுதியாகிறது. கம்பியைச் சுற்றி வர மனமில்லாதவர் சாலைப் பக்கமாக நடந்து, வண்டிக்கும் கம்பிக்கும் நடுவே சிக்குகிறார். லண்டனின் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் 2000-களின் தொடக்கத்தில் கம்பிகளை எடுத்து, கடக்கும் இடங்களை நேராக்கி, சாலையை அடைத்த தேவையற்ற பலகை, கம்பங்களை அகற்றினார்கள். பயந்ததுபோல விபத்து கூடவில்லை, நடப்பவர்கள் அடிபடுவது குறைந்தது.

சரி, நடைபாதைக்கு வருவோம். அகலம் எவ்வளவு என்பதற்கு முன்னால் எவ்வளவு தூரம் அறுபடாமல் போகிறது என்று பாருங்கள். 4 மீட்டர் அகலத்தில் கட்டி, ஒவ்வொரு வாசலிலும் வண்டி ஏறுவதற்காக இறக்கி, நடுவே மின்மாற்றியையும் வைத்துவிட்டால் ஆட்கள் சாலையில்தான் நடப்பார்கள். ஒழுங்காக, ஒரே மட்டமாக, தடையே இல்லாத 2 மீட்டர் அதைவிட மேல். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்துபோக 1.8 மீட்டர் வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவு. கூட்டத்துக்கு ஒரு கணக்கு வேண்டுமானால், டென்மார்க்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யான் கேல் கோபன்ஹேகனில் செய்த நீண்டகாலக் கவனிப்பிலிருந்து சொல்வது உதவும். ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 13 பேர் வரை இருந்தால் மனிதர்கள் இயல்பாக, பக்கத்தில் பேசிக்கொண்டு நடப்பார்கள். அதைத் தாண்டினால் வரிசை பிடித்து, இடித்துக்கொண்டு போக ஆரம்பிப்பார்கள். உங்கள் வீதியில் கூட்டமான ஒரு மணி நேரத்தில் எண்ணிப் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். இது மட்டும் தடையில்லாமல் நடக்கும் பட்டைக்கான கணக்கு. கடை வாசலில் நின்று பார்ப்பவர்களுக்கு ஓர் அரை மீட்டராவது வேண்டும். சாலைப் பக்கம் மரம், விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி, இருக்கை, தெருவோர வியாபாரம் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டை வேண்டும். வியாபாரிகளை விரட்டிவிட்டு நடைபாதை அமைக்கும் திட்டங்கள் பெரும்பாலும் சில மாதங்கள்தான் தாக்குப்பிடிக்கும். கூட்டம் இருக்கும் இடத்துக்கு வியாபாரம் வந்தே தீரும். கோடு போட்டு இடம் ஒதுக்கிக் கொடுத்தால் நடக்கும் பட்டை தப்பிக்கும்.

இருசக்கர வண்டிகள் நடைபாதையில் ஏறுவதைத் தடுக்க முழங்கால் உயரத் தூண்களை நடுவது வழக்கம். காரைத் தடுக்கும், பைக்கைத் தடுக்காது. சக்கர நாற்காலி நுழைய ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம் வேண்டும், அந்த இடைவெளியில் எந்தப் பைக்கும் நுழைந்துவிடும். இதற்குக் கட்டுமானத்தில் முழுத் தீர்வு கிடையாது. பைக் நிறுத்த நியாயமான இடத்தைப் பக்கத் தெருவில் கொடுப்பதும், தொடர்ந்து அபராதம் போடுவதும்தான் வழி. சரக்கு வண்டிகளுக்கும் அப்படியே. காலையில் கடை திறப்பதற்கு முன் குறிப்பிட்ட நேரம், அதற்கென ஓர் இடம் என்று வைக்காவிட்டால் அவை நடைபாதையில்தான் ஏறி நிற்கும், நீங்கள் பதித்த கல்லையும் உடைக்கும்.

பார்வையற்றவர்களுக்கான கோடும் புள்ளியும் கொண்ட மஞ்சள் கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானைச் சேர்ந்த செயிச்சி மியாகே 1965-இல் இவற்றை உருவாக்கினார், 1967-இல் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீண்ட கோடு இருந்தால் போகலாம், புள்ளிகள் இருந்தால் நிற்கவும் என்பது பொருள். இதைத் தெரியாமல் அலங்காரமாகப் பதித்து, கோடு நேராக ஒரு மின்கம்பத்தில் போய் முட்டுவதையும், வடிகால் மூடிக்கு முன் புள்ளியே இல்லாமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். தவறாகப் பதிப்பதைவிடப் பதிக்காமல் விடுவதே மேல். பார்வையற்ற ஒருவரை அழைத்து, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வீதி பிடித்துப்போவதற்கு என்ன வேண்டும் என்பதில் நான் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் இதில் பெரிய ரகசியம் இல்லை. நியூயார்க்கில் 1970-களில் பொது இடங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் கண்டது, உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பதுதான். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் 'கண்டவர்கள் படுத்துவிடுவார்கள்' என்று பயந்து இருக்கையே இல்லாமல் வீதி அமைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடுத்தது நிழல். வெயில் நாட்டில் மரம்தான் நடைபாதையின் கூரை. மரத்தின் வேருக்கு மண்ணும் நீர் இறங்க இடமும் விடாமல் கழுத்துவரை கான்கிரீட் போட்டால் அது சில ஆண்டுகளில் பட்டுப்போகும் அல்லது கல்லைத் தூக்கிவிடும். அப்புறம், பக்கத்துக் கட்டடங்கள். சின்னச் சின்னக் கடைகள், நிறையக் கதவுகள் இருக்கும் இடத்தில் ஆட்கள் மெதுவாக நடப்பார்கள், நீண்ட வெறும் சுவர் வந்தால் வேகமாகக் கடந்துபோவார்கள். அந்தச் சுவர் அரசு அலுவலகத்துடையதாகவே பெரும்பாலும் இருக்கும், அதனால் அதைத் திறப்பதும் அரசின் கையில்தான்.

வண்டிகளை முழுக்க நிறுத்திவிடலாமா? சில வீதிகளில் அற்புதமாகப் பலித்திருக்கிறது, சிலவற்றில் வீதியே செத்திருக்கிறது. கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் வீதியை 1962 நவம்பரில் சோதனையாக மூடினார்கள். கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1964-இல் அது நிரந்தரமானது, இன்றும் நெரியும் வீதி. அந்தச் சோதனைக்கு மூன்று ஆண்டு முன்னால், 1959-இல், அமெரிக்காவின் கலமசூ நகரம் தன் கடைவீதியை நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. அதைப் பார்த்து அந்நாட்டில் ஏராளமான நகரங்கள் அப்படியே செய்தன. அவற்றில் பெரும்பாலானவை பின்னால் வண்டிகளுக்குத் திரும்பத் திறக்கப்பட்டன, கலமசூவும் 1998-இல் ஒரு பகுதியைத் திறந்தது. கல்லிலோ விளக்கிலோ வித்தியாசம் இல்லை. கோபன்ஹேகனின் மையத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள், நடந்தும் சைக்கிளிலும் பேருந்திலும் வந்தார்கள். அமெரிக்க நகரங்களில் குடியிருப்புகள் ஊருக்கு வெளியே போய், வாங்குகிற கூட்டமும் பெரிய பார்க்கிங் கொண்ட வணிக வளாகங்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் வீதியில் வண்டிக்கு இடைஞ்சலாகும் அளவுக்கு ஏற்கெனவே ஆட்கள் நடக்கிறார்கள் என்றால் மூடுவதைத் தைரியமாகப் பரிசீலிக்கலாம். கூட்டத்தை வரவழைப்பதற்காக மூடுவது என்றால் வேண்டாம்.

கடைக்காரர்களின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள், ஆனால் எண்ணிப் பாருங்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வாடிக்கையாளர்களில் 58 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள், கேட்டுப் பார்த்தால் 32 சதவீதம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நினைத்தது 41, இருந்தது 22. கடை வாசலில் நிற்கும் கார் கண்ணுக்குத் தெரிகிறது, நடந்து வந்தவர் எப்படி வந்தார் என்பது தெரிவதில்லை. அதோடு வாசலில் நிற்கும் அந்தக் காரே பல நேரம் கடை முதலாளியுடையதாக இருக்கும். எல்லாக் கடைக்கும் லாபம் வரும் என்று நான் உறுதி தர மாட்டேன். கனமான பொருள் விற்கும் கடைகளுக்குச் சிரமம் வரலாம், வாடகை ஏறிப் பழைய கடைகள் வெளியேறுவதும் நடந்திருக்கிறது. நெரிசல் பக்கத்துத் தெருவுக்குப் போகுமா என்பதும் இப்படியான கேள்விதான். 11 நாடுகளில் எழுபது இடங்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று, சாலையில் இடம் குறைக்கப்பட்டபோது, அந்தச் சாலையில் முன்பு ஓடிய போக்குவரத்தில் சராசரியாக 22 சதவீதம், பக்கத்துச் சாலைகளைச் சேர்த்துப் பார்த்தாலும், காணாமல் போனதாகச் சொன்னது. மக்கள் நேரத்தை, வழியை, வாகனத்தை மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அதே ஆய்வில் நடுமதிப்பு, அதாவது எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது, 11 சதவீதம்தான். ஒருசில பெரிய எண்கள் சராசரியை இழுத்துவிட்டன. ஆகவே வழக்கமான எதிர்பார்ப்பு பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். மீதி பக்கத்துத் தெருவுக்கு வரும், அதற்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

கோடு, சிக்னல், நடைபாதை விளிம்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எல்லோரும் ஒரே தளத்தில் கண்ணைப் பார்த்து நடந்துகொள்வது என்ற யோசனையும் உண்டு. நெதர்லாந்தின் ட்ராக்டன் ஊரில் போக்குவரத்துப் பொறியாளர் ஹான்ஸ் மொண்டர்மன் செய்து காட்டியது பலரைக் கவர்ந்தது. வண்டிகள் குறைவான, மெதுவான சின்னத் தெருவில் எனக்கும் பிடிக்கும். நெரிசலான கடைவீதிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணைப் பார்த்து என்னும்போதே பார்வையற்றவரை விட்டுவிட்டோம். அவர்களுக்கு விளிம்புதான் வழிகாட்டி. பிரிட்டிஷ் அரசு 2018-இல், போக்குவரத்து அதிகமான இடங்களில் இப்படியான ஒரே தளத் திட்டங்களை நிறுத்திவைக்கும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது, இந்தக் காரணத்தால்தான்.

எங்கே தொடங்குவது என்றால், பெயின்ட்டில் தொடங்குங்கள். நியூயார்க்கில் 2009-இல் டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டிய பிராட்வே பகுதியை வண்டிகளுக்கு மூடியபோது முதலில் வந்தவை பெயின்ட்டும் பீப்பாய்த் தடுப்புகளும் மடக்கு நாற்காலிகளும்தான். அளந்து பார்த்தார்கள். நடப்பவர்கள் காயப்படுவது 35 சதவீதமும், வண்டியில் இருப்பவர்கள் காயப்படுவது 63 சதவீதமும் குறைந்தது. மறு ஆண்டு நிரந்தரம் என்று அறிவித்தார்கள், கல் வேலை எல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் வீதியிலும் தொட்டிகளையும் கோடுகளையும் வைத்து முனையை நீட்டுங்கள், லேனைக் குறுக்குங்கள், ஆறு மாதம் ஓடட்டும். விபத்து எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரு வீதியில் ஆறு மாதத்தில் நடக்கும் விபத்துகள் எதையும் நிரூபிக்கப் போதாது. வண்டிகளின் வேகம், கடக்க ஒருவர் காத்திருக்கும் நேரம், ஓடிக் கடப்பவர்களின் பங்கு, தனியாக வரும் முதியவர்களும் குழந்தைகளும் எத்தனை பேர் என்பவற்றை மாற்றத்துக்கு முன்பும் பின்பும் வாரத்தின் அதே கிழமையில், அதே நேரத்தில் எண்ணுங்கள்.

இதற்கு மேல் சொல்ல உங்கள் வீதியின் அளவுகள் வேண்டும். சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை மொத்த அகலம், சிக்னலின் முழுச் சுற்று நேரம், கடந்த சில ஆண்டுகளில் ஆட்கள் அடிபட்ட இடங்களும் நேரங்களும், பேருந்து எங்கே நிற்கிறது என்பது. கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். பேருந்திலிருந்து இறங்குபவர் அதே பேருந்துக்கு முன்னால் புகுந்து கடப்பார், அதனால் பேருந்து நிறுத்தத்தை, ஆட்கள் கடக்கும் இடத்துக்கு அப்பால் தள்ளினாலே சில இடங்களில் பாதி வேலை முடிந்துவிடும். இவற்றைப் போட்டால் எந்த முனையை முதலில் தொடலாம் என்று சொல்கிறேன்.